ஸ்டெல்லா அக்கா வளர்த்த பேய்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார் என்று கோத்தகிரியிலிருந்து போன் வந்தபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் அல்ல. வெட்கத்தோடு சொல்கிறேன், 'அப்படியானால் என் ஆளால் இனி கீழே இறங்கவே முடியாதே' என்ற கவலைதான் வந்தது. இருபது வருடத்துக்கு மேலாக அவன் ஒரு மாதா கோயில் கோபுரத்தைக் கட்டிப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறான். பறக்கத் தெரிந்தவன், ஆனால் உயரம் என்றால் பயம். அவனை அங்கே ஏற்றிவிட்டவர் அக்கா. அழுகை பிறகுதான் வந்தது.

அக்காவை எங்கள் தேயிலை ஃபேக்டரி டைப்பிஸ்டாக ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஓர் எழுத்துப் பிழைக்கு முழுப் பக்கத்தையும் கிழிப்பவர். கோயில் பாடகர் குழுவில் சுருதி விலகியவரை ஒரே பார்வையில் உட்காரவைப்பவர். அவர் பேய் வளர்த்ததைக் கண்டவர்கள் இரண்டே பேர்: பாய்லர் பார்த்த ராமையாவும், இலை எடை போட்ட நானும்.

பச்சை இலை விலை விழுந்து ஃபேக்டரியை மூடியிருந்த சமயம். கடிதங்களுக்குப் பதில் போட அக்காவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நானும் ராமையாவும் மூடிய செய்தியை வீட்டில் சொல்லவில்லை. எங்கள் வீடுகள் இரண்டு பஸ் தள்ளி இருந்தது வசதியாகப் போயிற்று. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்புவோம், ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து பெருமூச்சு விடுவோம், ஷிப்டு முடியும் நேரத்துக்கு வீடு திரும்புவோம். மூன்று நாள் அந்தப் பெருமூச்சைப் பொறுத்த அக்கா, நான்காம் நாள் ஒரு புத்தகத்தோடு வந்தார். பெங்களூரில் இருக்கும் அவருடைய அண்ணன் மகன் விட்டுப்போனது.

அது ஒரு விளையாட்டு. ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதற்குள் ஆளுக்கொரு மாவீரனை 'என் ஆள்' என்று வைத்துக்கொண்டு, அவன் என்ன செய்யப் போகிறான் என்று வாயால் சொல்ல வேண்டும். முடிகிறதா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். புத்தகத்தில் கதை நடக்கும் இடம் வானத்தைத் தொடும் கட்டடங்கள் உள்ள ஊர்.

"இது நமக்கு ஆகாதுங்க. ராமையாண்ணன் லிப்டுக்கு நின்னே ஆட்டம் முடிஞ்சிரும்" என்றார் அக்கா.

அப்புறம் மேசை இழுப்பறையில் பைபிளுக்கு அடியிலிருந்து ஒரு கட்டு பேய்ப் படக்கதைகளை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் பனிமூட்டம், கல்லறை, ஆளில்லாத பங்களா.

"பாருங்க, நம்மூரேதான். பேய் ஒண்ணுதான் கொறையுது."

இதில் ஒரு சிக்கல் இருந்தது. பேய்க் கதையில் மாட்டியவன் தப்புவதில்லை, மாவீரன் கதையில் மாவீரன் சாவதில்லை. ராமையாவின் ஆள் உள்ளங்கையில் நெருப்பு வைத்திருந்தான். முதல் நாள் டீ கொதிப்பதற்குள் பேயை எரித்துச் சாம்பலாக்கிவிட்டு, அந்தப் பெருமையை மாலை வரை பேசினார். மறுநாள் அக்கா சட்டத்தை மாற்றிவிட்டார்.

"இனிமே அடிச்சாச் சாகாதுங்க. நீங்க எதையாச்சும் ஒளிச்சா அது வளரும். சொல்லிப்போட்டாச் சுருங்கும்."

என் ஆள் தன் உயரப் பயத்தை ஒளித்தான். பேய் கோபுரம் அளவுக்கு வளர்ந்தது. அது அவனைத் தூக்கி மாதா கோயில் கோபுரத்தில் வைத்ததாக அக்கா சொல்ல, அவன் அங்கேயே தொங்கிவிட்டான்.

ஃபேக்டரி மூடி ஒரு மாதம் ஆகி, ராமையாவின் ஆள் மட்டும் மிஞ்சிய ஒரு வெள்ளிக்கிழமை. பகடை அவருக்கு விழவே இல்லை. உருட்டும் முன் அதைக் கையில் வைத்து ஏதோ முணுமுணுத்தார்.

"பகடைகிட்டக் கெஞ்சாதீங்கண்ணா, அதுக்குக் காது இல்ல. ஒளிச்சது ஏதாச்சும் இருந்தாச் சொல்லிப்போடுங்க."

"என் ஆளுகிட்ட ஒண்ணுமில்லயே."

"அப்பப் பேய் உங்க தலைமேல கால வைக்குதுங்க."

"வைக்கட்டும்."

"வெச்சிருச்சு."

ராமையா பகடையைக் கீழே வைத்தார். "ஞாயித்துக்கிழம எங்க புள்ளயப் பொண்ணு பாக்க வாராங்க. அப்பா ஃபேக்டரியில நிரந்தரம்னு பொஞ்சாதி சொல்லியிருக்கா. மூடினது அவளுக்கே தெரியாது. சொன்னாச் சம்பந்தம் நின்டுரும். சொல்லாம முடிச்சா, நாளைக்குப் புள்ளதான் பேச்சு வாங்கணும்."

அக்கா படக்கதையை மூடினார்.

"பேய் ஓரடி கொறஞ்சுதுங்க. மிச்சத்த ஊட்டுல போய்க் கொறைங்க. பன்னெண்டு மணி பஸ் இருக்குது."

ராமையா போனார். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் சொல்லியும்விட்டார். அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். "ஒரு மாசமா சட்டையில கரி இல்ல. தொவைக்கிறவளுக்குத் தெரியாதாக்கும்? நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை பஜ்ஜித் தட்டு வைப்பதற்கு முன்பே மாப்பிள்ளை வீட்டாரிடமும் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏனுங்க, எங்க ஃபேக்டரியும் மூடி ரெண்டு மாசமாச்சுங்க. அத எப்படிச் சொல்றதுன்னுதான் வழியெல்லாம் ரோசன" என்றாராம். கல்யாணம் நடந்தது. சம்பந்திகள் இருவரும் கேத்தியில் கேரட் கழுவும் வேலைக்கு ஒன்றாகப் போனார்கள். அவர்கள் பாடிக்கொண்டே கழுவுகிறார்கள் என்று புகார்கூட வந்தது. ஆள் இல்லாமல் எங்கள் ஆட்டம் நின்றது.

ராமையாவின் முகத்தைப் படித்து, அவருக்காகவே அக்கா அந்தப் பேயை அப்படி வளர்த்தார் என்று இத்தனை வருடமும் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். டீக்கடையில், கல்யாணப் பந்தியில், ஒருமுறை பல் டாக்டரிடம் வாயைத் திறந்தபடியே. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதும் அதுதான்: பயமாக இருந்தால் அன்றன்றைக்கே வீட்டில் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு இது பெரும் தொல்லை.

அடக்கம் முடிந்ததும் அண்ணன் மகன், அக்கா அந்த ஆட்டத்துக்குக் குறிப்பு எழுதிவைத்த நோட்டை என்னிடம் கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், அடித்தல் திருத்தல் இல்லாத அவர் கையெழுத்தில் இரண்டு வரி: "ராமையாண்ணன் ஆள் ரொம்பப் பேசுகிறான். இன்று மதியத்துக்குள் பேயை விட்டு மிதித்து முடித்துவிட வேண்டும்."