அப்பாவை இறக்கிவிட்ட கட்டுரைகள்

சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்தில், என் பதவி உயர்வுக் கோப்பைப் புரட்டிய அலுவலக உதவியாளர் சிரித்தார். "என்னா மேடம், மூணு பேரு எழுதுனத ஒரு ஆளா கொண்டாந்துட்டீங்க?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் கட்டுரைகளில் வெறும் இனிஷியலோடு நான். அடுத்த கட்டுரைக்கு வெளிநாட்டு ஆய்விதழ் குடும்பப்பெயர் கேட்டது. நமக்கு ஏது அது? அப்பா பெயரை முழுசாகக் கொடுத்தேன். அதன்பிறகு வந்தவற்றிலெல்லாம் கணவர் பெயர். மூவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் பத்திரம் வாங்கித் தந்தால்தான் எல்லாம் என் கணக்கில் சேரும். இல்லாவிட்டால் உயர்வு இல்லை.

கடலூர் நீதிமன்றத்துக்கு எதிரே தட்டச்சுக் கடை. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் முதுநகரிலிருந்து அப்பா வந்துவிட்டார். துறைமுகத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்த கை. அவர் பெயர் வந்த கட்டுரையின் நகலைச் சட்டைப்பையில் மடித்து வைத்து, டீக்கடை டீக்கடையாகக் காட்டிய கை. "எம் பேரு வெளிநாட்டுல அச்சாயிருக்குது மச்சான்!"

தட்டச்சுக்காரர் பத்திரத்தை உரக்கப் படித்தார். "ஒரே ஆளு இத்தினி பேருல சுத்துனா போலீஸுல்ல தேடும்!"

அப்பா சிரிக்கவில்லை. "எம் பேரு ஒண்ணுலதான் வருதா பாப்பா? அப்புறம் ஏன் எடுத்துட்ட?"

அந்தக் கட்டுரை வந்த பிறகு ஒரு கருத்தரங்க மேடைக்கு என்னை அப்பா பெயரால் அழைத்தார்கள், முன்னால் டாக்டர் சேர்த்து. ஊர் எல்லையில் அரிவாளோடு நிற்கும் சாமியின் பெயர். முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். காது சுட்டது. அடுத்த கட்டுரையிலேயே அவரை இறக்கிவிட்டேன், நடுவழியில் பஸ்ஸிலிருந்து இறக்கிவிடுவதுபோல. இதையா சொல்வது, அந்த முகத்தைப் பார்த்து?

"கல்யாணம் ஆச்சில்லப்பா, அதான்" என்றேன்.

என் முதல் கட்டுரை வருவதற்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. அது அவருக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகை அடித்து ஊர் ஊராக வைத்தவர் அவர்தானே.

"எந்தப் பேர மேல போடட்டும்?" தட்டச்சுக்காரர் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "இப்ப எதுல இருக்குதோ அதையே போடுங்க சார். எம் பேரால பாப்பாவுக்குத் தடங்கல் வரக்கூடாது."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டுத் தொலைத்திருக்கலாம்.

பத்திரம் சூடாக வெளியே வந்தது. கணவர் பெயரோடு கையெழுத்துப் போட்டேன். சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். அப்பா பேனாவை வாங்கி, குனிந்து, தன் பெயரை எழுத்து எழுத்தாக, முழுசாக எழுதினார்.

நான் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.