நல்ல தண்ணீர் ஊற்றிய தொட்டி

மீன் தொட்டிக்குள் கையை விடும்போதெல்லாம் இனிகோ மாமா மூச்சைப் பிடித்துக்கொள்வார். முழங்கை வரைதான் நனையும். ஆனாலும் கை வெளியே வரும்வரை மூச்சு விடமாட்டார். எதிர் வீட்டிலிருந்த எனக்குப் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே இது வேடிக்கை.

“கையத்தான மாமா விடுதிய, மூச்ச எதுக்குப் பிடிக்கிய?”

“பழக்கம்ளா. ஒங்க அத்த இருக்கிற வீட்டுல மூச்சு விட எங்க முடியுது?”

அடுக்களையிலிருந்து விஜிலா அத்தை சொல்வாள்: “நான் இல்லன்னா மூச்சே இருந்திருக்காது.”

அது உண்மை. கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போனவருக்கு, ஒருநாள் ஆழத்திலிருந்து அவசரமாக மேலேறியதில் இடது கால் செயலிழந்துவிட்டது. அன்றிலிருந்து அத்தைதான் குளிப்பாட்டி, நடக்கவைத்துத் தேற்றினாள். அதன்பின் அவருக்கு மிஞ்சியது இந்த மஞ்சள் மீன்கள்தான். விரல் நீளம் இருக்கும். ஆப்பிரிக்க ஏரியொன்றில் பாறை இடுக்குகளில் வாழ்கிறவை. தாய்மீன் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காக்கும். அதுவரை இரை எடுக்காது. தொட்டி நிறையக் கல் அடுக்கி, பொந்து பொந்தாக விட்டிருந்தார். வேறு யாரும் தொடக்கூடாது.

ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்றின் போர் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. ஏனென்று அவர் சொன்னதில்லை. ஆற்றிலிருந்து குழாயில் வரும் நல்ல தண்ணீர் மனிதர்களுக்கே போதாதபோது மீனுக்கு எங்கே போக என்று அத்தை நினைத்துக்கொண்டாள்.

போன வருடம் நெஞ்சுச்சளியோடு மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தொட்டி கலங்கியது. அத்தை உப்புத் தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட்டு, குடிக்கப் பிடித்து வைத்திருந்ததைக் குடம் குடமாக ஊற்றினாள்.

“அவரு வரும்போது அதுகளாவது தெம்பா இருக்கட்டும்ளா.”

மறுநாள் காலை எல்லாம் மிதந்தன. ஒரு தாய்மீனின் வாயில் குஞ்சொன்று பாதி வெளியே நின்றது.

“நீ கெமிஸ்ட்ரி படிச்ச பிள்ள. தண்ணியாலயா?” என்று அத்தை கேட்டாள்.

ஆமாம் என்றேன். உப்புக் கூடிய தண்ணீரில் பழகிய உடம்பு இப்படித் திடீரென்று மாறினால் தாங்காது என்று விளக்கவும் செய்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். அந்தப் பதில் அவளுக்கு எதற்கு உதவியது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மாமா வீடு திரும்பி, தொட்டியைப் பார்த்தார்.

“எந்தத் தண்ணி?”

“நல்ல தண்ணிதாங்க.”

அதன்பின் அவர் அத்தையிடம் பேசவில்லை. அவள் போட்ட சோற்றைத் தின்றார். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால், அவள் பக்கத்தில் நிற்கும்போதே தெருவைத் தாண்டி என்னைக் கூப்பிட்டார்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். “அவ்வளவு தண்ணியயும் மீனுக்கு ஊத்திட்டு, அத்த உப்புத் தண்ணியிலதான் சோறு பொங்குனா. தெரியுமா மாமா?”

காலித் தொட்டிக்குள் கையை விட்டு, சரிந்திருந்த கல் ஒன்றை நிமிர்த்தி வைத்தார்.

“தெரியும்ளா. அவகிட்ட ஒண்ணு சொல்லணும்.”

சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன்பே மூச்சுத் திணறி இறந்துபோனார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒங்கிட்ட என்னப் பத்தி ஏதும் சொன்னாராளா?”

“ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னாரு அத்த.”

“என்னதாம்?”

அதை அவர் என்னிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை.