குலவைக்கு முன்னால் இறங்கினேன்

அன்று காலை வரப்பில் நின்றவர்கள் இருபது பேர். சரியாகத்தான் சொல்கிறேன், இதைப் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். முதலில் அத்தை. அப்பாவின் அக்கா, எங்கள் தெரு நடவாட்களுக்கு அவள்தான் தலைவி. அவள் பக்கத்தில் அம்மா. அம்மாவை ஒட்டி, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு பெரியம்மா. அப்புறம் தெருப் பெண்கள் பதினாறு பேர். கடைசியில், பதினோரு வயதில், நான். எங்களைத் தவிர, எதிர் வரப்பில் குடை பிடித்தபடி பண்ணையின் காரியக்காரர். ரோட்டோரம் சைக்கிளைப் பிடித்தபடி என் மாமா.

வயலுக்குள் ஒருவரும் இல்லை. அதுதான் அன்றைக்கு விஷயம். உழுது, பரம்படித்து, தண்ணீர் கட்டி, நாற்று முடிகளை, கட்டுக் கட்டாக, வயல் முழுக்க வீசிப் போட்டிருந்தது. நட வேண்டியவர்கள் எல்லோரும் கரையில் நின்றோம்.

ஏன் என்று சொல்ல, அதற்கு முந்தின நாளைச் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் ஊரைச் சொல்ல வேண்டும்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். ஆட்சி மாறிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பக்கம் கறுப்பு சிவப்புக் கொடி, எதிர்ப்பக்கம் செங்கொடி. கூலித் தகராறு இல்லாத ஊர் சுற்று வட்டாரத்திலேயே கிடையாது. சில ஊர்களில் வெளியாளைக் கூட்டி வந்து நடவு போட்டு, அது வெட்டுக்குத்தில் போய் நின்றிருந்தது. எங்கள் ஊரில் அவ்வளவுக்குப் போகாமல் ஒரு பேச்சு முடிந்திருந்தது: மா ஒன்றுக்கு ஐந்து ஆள். மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஒரு மாவை நாலு பேரே நட்டுவிடலாம் என்பது பண்ணையின் வாதம். நடலாம்தான், முதுகு விட்டுப்போக நட்டால். ஐந்து என்று இருந்தால்தான் பெரியம்மா மாதிரி இடுப்பு பிடித்துக்கொண்டவர்களுக்கும் என்னைப் போன்ற அரையாட்களுக்கும் வேலை. முழு ஆளுக்கு நாள் கூலி ஐந்து படி நெல். எனக்கு இரண்டரை.

அப்பா இறந்துபோன வருஷமே ஐந்தாம் வகுப்போடு என் படிப்பும் போயிற்று. பள்ளிக்கூடம் போய்விட்டதே என்று நான் அழவில்லை. நடவும் போய்விடுமோ என்றுதான் பயந்தேன். அரையாளை எந்த நேரமும் வீட்டுக்கு அனுப்பலாம். காரியக்காரர் இருமினால்கூட என்னை நினைத்துத்தான் இருமுகிறார் என்று தோன்றும்.

அந்தச் சமயத்தில்தான் மாமா லீவில் வந்தார். அம்மாவின் தம்பி. மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. எங்கள் குடும்பத்தில் சேற்றில் கால் வைக்காமல் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவர். குடிதண்ணீர் எடுத்து வைக்கப் போனவர், ஆறு வருஷத்தில் பட்டுப்புடவை விரித்துக் காட்டுகிற இடத்துக்கு வந்துவிட்டார். அதனால் முன்னுக்கு வருகிற வழி அவருக்குத் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள், அவரும் நம்பினார். ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவரை நிறுத்தி வைத்துக்கூடச் சொல்வார்.

"மொத ஆளாப் போ. சொல்றதுக்கு முன்னாடி செய். மொதலாளி கண்ணுல படு. கண்ணுல படாத வேலையச் செஞ்சாலும் ஒண்ணுதான், செய்யாட்டியும் ஒண்ணுதான்."

அம்மா சிரித்தாள். "சேத்துக்குள்ள குனிஞ்சு நிக்கிறவ எப்படிடா கண்ணுல படுறது? ஜரிகைப் புடவை கட்டிக்கிட்டா?"

"கிண்டல் பண்ணுக்கா. காதுல வாங்குறவங்க வாங்குவாங்க."

நான் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் நடவில் பறந்தேன். சின்ன உடம்பு, குனிவதற்கு அலுப்புத் தெரியாது. வரிசையாக நின்று பின்னாலேயே நகர்ந்து நட்டு வருவோம். எல்லோரும் ஒரே கோட்டில் இருப்போம். அன்று நான் கோட்டை விட்டுவிட்டுப் போனேன். "ஏ குட்டி, மெதுவா வா, யாரு துரத்துறா?" என்று அத்தை இரண்டு தடவை சொன்னாள். பொறாமை என்று நினைத்தேன். உச்சி வெயிலுக்கு முன்பே என் பங்கை முடித்துக் கரையேறி, காரியக்காரர் பார்க்கிற இடமாகப் பார்த்து நின்றேன். திரும்பினால், அம்மா இன்னும் வயல் நடுவில் பெரியம்மாவோடு ஒட்டிக்கொண்டு நட்டுக்கொண்டிருந்தாள். என் அம்மா இவ்வளவு மந்தமா என்று வெட்கமாக இருந்தது.

காரியக்காரர் கண்ணில் பட்டேன்.

"அரையாளு கரையேறிட்டா. முழு ஆளெல்லாம் உள்ள கதை பேசுறீங்களாடி?" என்றார். கொஞ்ச நேரம் விரல் விட்டு எண்ணினார். "நாளைக்கு நாலு மா நடவு. பதினாறு பேர் போதும். இந்தப் பொண்ணு முழு ஆளா வரட்டும்." வர வேண்டாம் என்று நாலு பேரைக் கைகாட்டினார். முதல் கை பெரியம்மாவுக்கு.

வீடு திரும்பும்போது பெரியவர்கள் ஏதோ பேசி முடிவு செய்தார்கள். நாளைக்கு இருபது பேரும் போய் நிற்பது, இருபது பேருக்கும் வேலை என்று சொன்னால் இறங்குவது. எனக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. சேர்ந்து நிற்க வேண்டும் என்பது மட்டும் காதில் விழுந்தது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது விழவில்லை.

அப்படித்தான் அன்று காலை கரையில் நின்றோம்.

"பதினாறு பேருன்னேன். இருபது தலை தெரியுது" என்றார் காரியக்காரர்.

"எண்ணத் தெரியுதுல்ல காரியக்காரரே, இருபதுக்கும் அளந்துடுங்க" என்றாள் அத்தை. ஊரில் செங்கொடி ஏறுகிற வரைக்கும் அவரை 'ஆண்டே' என்று கூப்பிட்டவள் அவள்.

"நாத்து வாடுது, பாத்துக்க."

"நாங்க மட்டும் என்ன, நெழல்லயா நிக்கிறோம்?"

பெண்கள் சிரித்தார்கள். வெயில் ஏறியது. பறித்துப் போட்ட நாற்று தலை சாய ஆரம்பித்தது. வெளியாளைக் கொண்டுவரப் பண்ணைக்குப் பயம். காரியக்காரர் குடையை மடக்கினார், விரித்தார், மறுபடி மடக்கினார். பிறகு வரப்பைச் சுற்றிக்கொண்டு அத்தையை நோக்கி நடந்து வந்தார். சரி என்று சொல்லத்தான் வந்தார் என்று இன்றைக்கு எனக்குத் தெரிகிறது. பாதி வழியில் அவர் கண் என் மேல் விழுந்தது.

"ஏ பொண்ணு, நீ முழு ஆளுன்னேன்ல? என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?"

மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். மாமா தலையை ஆட்டினார். வேண்டாம் என்றுதான் ஆட்டினாராம். இன்றைக்கும் சத்தியம் பண்ணுகிறார். அவ்வளவு தூரத்தில் எனக்கு அது 'ம், போ' என்று தெரிந்தது.

நடவில் அத்தை குலவையிட்டு இறங்காமல் யாரும் இறங்குவதில்லை. நான் இறங்கினேன். முழங்கால் சேற்றில் நின்று ஒரு முடியைப் பிரித்து நடத் தொடங்கினேன். கரையில் சிரிப்பு நின்றுவிட்டது. காரியக்காரர் நடப்பதை நிறுத்திவிட்டுக் குடையை விரித்துக்கொண்டார்.

"பாத்தியா? வேலை ஆரம்பிச்சாச்சு. இனிமே பதினாறுதான்."

நிமிர எனக்குப் பயமாக இருந்தது. பக்கத்தில் தண்ணீர் சலசலத்தது. பெரியம்மா. வர வேண்டாம் என்று முதலில் கைகாட்டப்பட்ட பெரியம்மா, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் இறங்கி நின்றாள்.

"புள்ள தனியா நிக்குது" என்றாள், பொதுவாக.

அடுத்தது அம்மா இறங்கினாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். கடைசியில் அத்தை. அன்று குலவை இல்லை.

அந்த நடவிலிருந்து எங்கள் ஊரில் மாவுக்கு நாலு ஆள் என்றே ஆகிவிட்டது.

அம்மா மந்தமில்லை என்பது எனக்குத் தெரிய நாலைந்து வருஷம் ஆனது. பெரியம்மாவுக்குப் பக்கத்தில் நானே நின்று நட்டபோதுதான் பார்த்தேன். அவள் பங்கில் இந்தப் பக்கம் ஒரு வரிசையை அம்மாவும் அந்தப் பக்கம் ஒரு வரிசையை அத்தையும் சேர்த்து நட்டுக்கொண்டே வருவார்கள். அதனால்தான் கோடு நேராக இருந்தது. அம்மா என்னைவிட வேகமாக நட்டிருக்கிறாள், யார் கண்ணிலும் படாமல்.

என் மகள் படித்து முடித்துத் திருச்சியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தபோது, நீ ஏதாவது சொல்லும்மா என்றாள். ஐந்தாவது படித்தவள் நான் என்ன சொல்வது? மாமா அன்று சொன்ன மூன்றையும் சொன்னேன். அவை பொய்யில்லை, ஜவுளிக்கடையில் அவரைத் தூக்கிவிட்டவை அவைதான். கூடவே இதையும் சொன்னேன்: போன உடனே வேகத்தைக் காட்டாதே. முதல் மாசம் சும்மா பார். யார் யாருடைய வேலையைச் சேர்த்து இழுக்கிறார்கள் என்று பார். நீ ஒரு நாள் ஓடிக் காட்டினால் அந்த அளவு நாளைக்கு யார் தலையில் விழும் என்று யோசி. மேலே இருக்கிறவர் உன்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பாராட்டினால், அடுத்து என்ன கேட்கப் போகிறார் என்று கவனி.

"அம்மா, இதையெல்லாம் எந்தப் புஸ்தகத்துலயும் போட மாட்டாங்க" என்றாள். நான் சொன்னதைக் கேட்டு அவள் பின்தங்கிவிடுவாளோ என்று அன்றிலிருந்து அது ஒரு கவலை எனக்கு.

நான் முதலில் இறங்கிய அந்த நடவு நாள் சாயங்காலம் பதினாறு ஆளுக்குத்தான் அளந்தார்கள். எண்பது படி. அத்தை அதை ஒரே குவியலாகக் கொட்டி, படியை வாங்கி, இருபது பேருக்கும் தானே அளந்தாள். ஆளுக்கு நாலு. எல்லோருக்கும் ஒரு படி குறைந்தது. எனக்குத்தான் ஒன்றரைப் படி கூட. அரையாள் என்று குறைக்காமல் என் துணியிலும் நாலு படியைக் கொட்டி முடிந்து கொடுத்தாள்.

என் கெட்டிக்காரத்தனத்துக்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன். மாமாவிடம் மூட்டையைத் தூக்கிக் காட்டினேன். அவர் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நடவு முடிந்து திரும்புகிற கூட்டம் வாய்க்காலைத் தாண்டுகிற வரைக்கும் காது கிழியப் பேசிக்கொண்டு வரும். அன்று பத்தொன்பது பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பாவம், களைத்துப்போய்விட்டார்கள், என் அளவுக்கு இவர்களால் முடியவில்லை என்று நினைத்தபடி நான் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தேன்.