அக்காவின் எட்டுக் கிலோ

உடை மாற்றும் அறையில், அக்காவின் அலுமாரிக்குள், வேலைச் சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் அந்த இரும்புக் குண்டு இருந்தது. கைப்பிடி வைத்த எட்டுக் கிலோ. அதன் பெயர் கெட்டில்பெல் என்றேன். "கேத்தில் எண்டால் தேத்தண்ணியாவது வைக்கலாம், தம்பி. இதை வைச்சு என்ன செய்யிறது?" என்றார். ஒக்டோபர் மாதத்து முதல் திங்கட்கிழமை அது. என் நாட்காட்டியில் குறித்திருக்கிறேன். அவர் எனக்கு உறவில்லை. ஜேர்மனியின் ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில், ஒரே பிரிவில் என்னோடு வேலை செய்தவர். என்னைவிட ஐந்து வயது மூத்தவர்.

அந்தக் கோடையில், கட்டிலிலிருந்து ஒரு பெரியவரைத் தூக்கும்போது அக்காவின் இடுப்புப் பிடித்துக்கொண்டது. ஆறு வாரம் விடுப்பு. டிசம்பரில் வேலைத்தல மருத்துவரைப் பார்க்க டெர்மின் குறித்திருந்தார்கள். முதுகு தாங்காது என்று அவர் எழுதினால், கீழ்த்தளத்துச் சலவைப் பகுதிக்கு மாற்றிவிடுவார்கள். "அங்கை போய்ப் படுக்கை விரிப்போடையோ கதைக்கிறது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. எங்கள் பிரிவில் இருந்த, மறதி நோய் வந்த ஓர் அம்மா, அக்காவின் குரலைக் கேட்டால்தான் காலையில் சாப்பிட வாய் திறப்பார்.

வலி தணிந்த பிறகு, இடுப்பின் பின்தசைகளுக்குப் பலம் வர இந்தக் குண்டை ஊசல்போல ஆட்டச் சொன்னவர் சிகிச்சைப் பயிற்சியாளர். இடைவேளையில் பத்து நிமிடம் அக்கா ஆட்டுவார், நான் எண்ணுவேன். ஆனால் எங்கள் வேலைக்கு வரும் எவருக்கும் முதல் வாரமே சொல்லித் தருவது, முழங்காலை மடக்கித் தூக்கு என்பதைத்தான். அது அக்காவின் உடம்பில் ஊறியிருந்தது. குண்டோடும் குந்திக் குந்தி எழும்பினார். பிறகு கைகளால் அதை மேலே இழுத்தார். தோள் நொந்தது. நானும் அதுதான் சரியென்று நம்பி ஒரு வாரம் எண்ணிக்கொண்டிருந்தேன். நூலகத்தில் எடுத்த இரண்டு புத்தகங்கள், இடுப்பைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்றன. அதை விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை, இரண்டு கைகளிலும் சாப்பாட்டுத் தட்டுகளோடு ஓர் அறையிலிருந்து வெளியே வந்த அக்கா, வழக்கம்போலக் கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்தினார்.

"அக்கா, அப்பிடியே நில்லுங்கோ. இதுதான்."

"எதுதான்? ஆக்கள் பாக்கினம், தம்பி."

முதுகு நேராக இருந்தது. முழங்கால் சற்றே வளைந்திருந்தது. மடிந்தது இடுப்பு மட்டும்தான்.

அன்றிலிருந்து அவர் கதவைச் சாத்துவதுபோல இடுப்பைப் பின்னுக்குத் தள்ளினார். குண்டு தொடைகளுக்கு இடையே போனது. பின்தசைகளை இறுக்கிச் சட்டென நிமிர்ந்தார். குண்டு தானாக நெஞ்சுயரம் வந்தது. கைகள் வெறும் கயிறு. முதுகு வளையத் தொடங்கினால் எண்ணிக்கை எதுவானாலும் நிறுத்திவிடுவோம். நவம்பர் முடிவில், இரண்டு மாடி ஏறியும் அவருக்கு மூச்சு வாங்கவில்லை.

மருத்துவர் அவரைக் குனிந்து நிமிர வைத்துப் பார்த்தார். பிரிவிலேயே இருக்கலாம், ஆனால் ஆட்களைத் தனியே தூக்கக் கூடாது என்று எழுதினார். "அப்ப இனி நான் அரை ஆள்" என்றார் அக்கா. வேலை அட்டவணை எழுதுபவன் நான். அவருடைய பெயர் வந்த இடத்திலெல்லாம் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். "உமக்கு வேறை சோடி கிடைக்கேல்லையோ?" என்று கேட்டார். அவர் பென்சன் எடுக்கும்வரை அது மாறவில்லை.

இப்போது அவர் ஹம்பேர்க்கில் மகளோடு இருக்கிறார். அந்த எட்டுக் கிலோவும் அவரோடு போனது; எனக்கும் ஒன்று வாங்க வைத்தார். ஞாயிறு காலையில் எனக்குத் தொலைபேசி எடுப்பார். போன ஞாயிறும் எடுத்தார்.

"இண்டைக்குச் செய்தனீரோ?"

"ஓம் அக்கா, இப்பதான் முடிச்சனான்."

"பொய். குரலிலை ஒரு களைப்பும் இல்லை. ஃபோனை மேசையிலை வைச்சிட்டுத் தூக்கும், நான் எண்ணுறன்."

அவர் எண்ண, நான் ஆட்டினேன். பத்துக்குப் பிறகு அவருடைய எண்கள் விட்டுவிட்டு வந்தன. பதினைந்தில் நான் நிறுத்தியபோது, மறுமுனையில் அவருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.