தரணி வேனில் ஏறிய ஞாயிறுகள்

பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளைத் தேடிப் போவது என் வேலை. இந்த வேலையில் எந்தக் கதவும் முதல் தட்டலில் திறக்காது. வீடு வீடாகப் போய் எதையாவது விற்றவர்களுக்கும், மீட்டர் பார்த்தவர்களுக்கும், ஓட்டுக் கேட்டவர்களுக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

காம்பாரில் படித்து முடித்து, ஈப்போவில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் ஒப்பந்த ஊழியராகச் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அதனாலேயோ என்னவோ, தவறாக ஏதாவது சொல்லிவிடுவேனோ என்ற பயம் எப்போதும் உண்டு. ஆகவே முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் முக்கியமான பகுதியை நான் கண்ணால் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தது பள்ளி வேன் ஓட்டும் குமார் அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மற்றவற்றுக்கு நான் பொறுப்பு.

காயாத கார்

சுங்கை சிப்புட் பக்கத்து இடைநிலைப் பள்ளி ஒன்றிலிருந்து ஒரு பெயர் வந்தது. யுவராஜ், இடைநிலைப் பள்ளியின் கடைசி வகுப்பான படிவம் ஐந்து. பல வாரங்களாக வரவில்லை. மூன்றாவது எச்சரிக்கைக் கடிதமும் போய்விட்டது. மாத முடிவுக்குள் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். அப்புறம் ஆண்டு இறுதியில் வரும் எஸ்பிஎம் அரசுத் தேர்வைப் பள்ளி மாணவனாக எழுத முடியாது. எங்கள் மேற்பார்வையாளர் ஸ்டெல்லா அக்கா பெயரைப் பார்த்ததும், "பதினேழு வயசுப் பையன் ஸ்கூலுக்கு வரலன்னா கார் வாஷ்லதான் இருப்பான். போய்ப் பாரு பிள்ள" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுவரை நாங்கள் தேடிய பையன்களில் பாதிப் பேர் கையில் தண்ணீர்க் குழாயோடுதான் கிடைத்தார்கள்.

அப்பாவின் பழைய கன்சில் காரை எடுத்துக்கொண்டு ஒரு கார் வாஷுக்குப் போனேன். உள்ளே நுழைந்து "யுவராஜ் இருக்கிறானா" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வாடிக்கையாளர் மாதிரி காரைக் கழுவக் கொடுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, பள்ளி கொடுத்த படத்தோடு ஒவ்வொரு முகமாக ஒப்பிட்டுப் பார்த்தேன். அங்கே அவன் இல்லை. அடுத்த கடைக்குப் போய் அங்கேயும் காரை விட்டேன். அங்கிருந்த பையன் காரைச் சுற்றி வந்து, கதவிடுக்கிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அக்கா, இது இன்னும் காயவே இல்ல லா. கழுவணுமா, தொடைச்சா மட்டும் போதுமா?"

ஹார்ன் அடிக்காமல் வந்தவள்

அதற்குப் பிறகுதான் பள்ளி கொடுத்த முகவரிக்கே போனேன். முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த இடம். இப்போது சுற்றிலும் செம்பனை. தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஒரு வரிசை லயத்து வீடுகளில் சில குடும்பங்கள் மட்டும் இருந்தன. யுவராஜ் வீட்டில்தான் இருந்தான். அவன் தங்கை தரணிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தான். தரணிக்கு எட்டு வயது. பேசமாட்டாள். திடீரென்று சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவாள். "ஹார்ன் அடிக்காம வந்தீங்க, தேங்க்ஸ் க்கா" என்று மெல்லிய குரலில் சொன்னான்.

அப்பா இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அம்மா லெட்சுமி அக்கா விடிவதற்குள் ஃபேக்டரி பஸ் ஏறி ஜெலாப்பாங்கில் கையுறைத் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். தரணியைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டம்மா, மகளோடு இருக்க பாகான் செராய்க்குப் போய்விட்டார். ஆண்டுத் தொடக்கத்தில் தரணிக்கு ஆரம்பப் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பில் இடம் கிடைத்திருந்தது. முதல் நாளே வேனில் அலறித் துடித்து, பள்ளியை எட்டும் முன்பே வீட்டுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அவள் வீட்டில். பக்கத்து வீட்டம்மா போனதிலிருந்து இவனும் வீட்டில்.

எஸ்பிஎம் என்ன ஆவது என்று கேட்டேன். வரலாற்றுப் புத்தகத்தைக் காட்டினான். குரலை உயர்த்தாமல் வாசித்தால் தரணி பக்கத்தில் வந்து உட்காருவாளாம். இரண்டு பேருக்கும் சேர்த்து அதையே வாசிப்பானாம். எப்போது பள்ளிக்குத் திரும்புகிறாய் என்று, ஊரில் எல்லோரும் கேட்கிற அதே கேள்வியை நானும் கேட்டேன். சீப்பில் சிக்கிய முடியை எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னான்: "நீங்க என்னைத் தேடி வந்திருக்கீங்க. ஸ்கூலுக்குப் போகாதது நான் மட்டும் இல்லயே க்கா."

ஒத்திகை பார்த்த மலாய்

சிறப்புத் தேவையுள்ள பிள்ளை என்று காரணம் காட்டி எந்த அரசுப் பள்ளியும் திருப்பி அனுப்பக்கூடாது என்பது கொள்கை. அதை நன்றாகப் படித்துக்கொண்டு தரணிக்கு இடம் கிடைத்திருந்த பள்ளிக்குப் போனேன். பள்ளி வாசலில் காரை நிறுத்தி, சொல்ல வேண்டியதை மலாயில் பலமுறை சொல்லிப் பார்த்தேன். லெட்சுமி அக்கா விடுப்புச் சொல்லிவிட்டு ஃபேக்டரிச் சட்டையோடு வந்திருந்தார். "இவ்ளோ மாசம் ஆச்சே ம்மா, இடத்த யாருக்காவது குடுத்திருப்பாங்க" என்று வழியெல்லாம் புலம்பினார். உள்ளே போனதும் என் வாயில் முதல் வாக்கியமே நின்றுவிட்டது.

வகுப்பாசிரியை சிக்கு ஃபரிடா அவசரப்படுத்தவில்லை. மலாயில் ஆசிரியரைச் சிக்கு என்றுதான் அழைப்போம். எங்கள் இருவருக்கும் தண்ணீர் கொடுத்தார். வகுப்புக்கு வரவேண்டிய உதவியாளர் இன்னும் நியமிக்கப்படவில்லை. அத்தனை பிள்ளைகளையும் அவர் ஒருவரே சமாளிக்கிறார். ஆள் இல்லை என்று சொல்லி எங்களை அனுப்பியிருந்தால் நான் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன். அவர் எங்களை வகுப்பறைக்குக் கூட்டிப் போனார். சுவரில் பை மாட்டும் கொக்கிகள் வரிசையாக இருந்தன. ஒன்றில் மட்டும் பை இல்லை. அதன் மேலே தரணியின் பெயர், பூப்படம் ஒட்டி, ஆண்டுத் தொடக்கத்தில் எழுதியபடியே இருந்தது. லெட்சுமி அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார். எனக்கு மறந்துபோன வாக்கியம் அப்போதுதான் ஞாபகம் வந்தது, சொல்ல ஆரம்பித்தேன். சிக்கு சிரித்தபடி மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "விதி எனக்கும் தெரியும். தரணியைத்தான் இன்னும் தெரியாது. கூட்டி வாங்க."

ஞாயிற்றுக்கிழமை வேன்

இனி மிச்சம் வேன்தான். குமார் அண்ணன் மறுத்துவிடுவார் என்று நினைத்துத்தான் போனேன். தரணியின் முதல் நாளன்று பாதி வழியில் திரும்ப வேண்டி வந்ததால் மற்ற பிள்ளைகள் எல்லோரும் பள்ளிக்குத் தாமதம். பெற்றோரிடம் அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமில்லை. ஆனால் யுவராஜ் எனக்கு முன்பே அவரிடம் பேசியிருந்தான். வேன் முதலில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, கடைசியாகத்தான் தோட்டத்துக்கு வரும். அதற்குள் வேன் நிரம்பி ஒரே கூச்சலாக இருக்கும். தரணி அதற்குள்தான் ஏறவேண்டும். "தலைகீழா ஓட்டுங்க ண்ணே. மொதல்ல தோட்டம், அப்புறம் தாமான். காலி வேன்ல அவ ஏறிட்டா, ஒவ்வொருத்தரா வந்தா பழகிக்குவா" என்றானாம். தாமான் பிள்ளைகள் கூடுதலாகத் தூங்கலாம். தோட்டத்துப் பிள்ளைகள் இன்னும் சீக்கிரம் எழுந்தாக வேண்டும். அவனே வீடு வீடாகப் போய்க் கேட்டிருக்கிறான். முணுமுணுத்துவிட்டுச் சம்மதித்தார்கள். அதிகமாக முணுமுணுத்த ஓர் அக்காதான், மதியம் யுவராஜ் பள்ளி விட்டு வரும்வரை தரணியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னவரும்.

அடுத்து வந்த ஞாயிறுகளைப் பற்றிக் குமார் அண்ணன் சொன்னது இது. வேனைக் கோயில் பக்கத்தில் நிறுத்தினார்கள். முதல் ஞாயிறு கதவெல்லாம் திறந்து கிடக்க, இஞ்சினைப் போடாமல், உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தார்கள். தரணி சன்னலோர இடத்தைப் பிடித்துக்கொண்டாள். யுவராஜ் பக்கத்தில் வரலாறு வாசித்தான். அடுத்த ஞாயிறு இஞ்சினைப் போட்டதும் அவள் இறங்கி ஓடிவிட்டாள். அணைத்தார்கள், வந்து உட்கார்ந்தாள். மறுபடி போட்டார்கள். பின்பக்கம் எடுக்கும்போது பீப் பீப் என்று கத்தும் கருவியின் ஒயரை அண்ணனே கழற்றிவிட்டு, அதன்பின் ஆளை இறக்கிப் பின்னால் பார்க்கச் சொல்லித்தான் வண்டியை எடுத்தாராம். பிறகு தோட்டத்து வாசல்வரை ஓட்டினார்கள். அதற்கடுத்து கடைத்தெருவரை. வாரம் முழுக்க வேன் ஓட்டுகிற மனுஷன், ஓய்வு நாளிலும் அதே இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். சிரமமாக இல்லையா என்று கேட்டேன். "இந்த வேன வாங்குனப்பகூட உள்ள இவ்ளோ நேரம் உக்காந்து பாத்ததில்ல தங்கச்சி. சீட்டு இவ்ளோ மோசம்னு இப்பத்தான் தெரியுது."

பள்ளி வாசலில்

மாதம் முடியும் அந்தக் கடைசித் திங்கட்கிழமை ஆரம்பப் பள்ளி வாசலில் நின்றேன். என்னால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை, ஆனாலும் வீட்டில் இருக்க முடியவில்லை. வேன் வந்தது. மற்ற பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகச் சத்தமில்லாமல் இறங்கினார்கள். யாரோ அவர்களிடம் நன்றாகச் சொல்லிவைத்திருக்க வேண்டும். கடைசியாகத் தரணி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியபடி. அவள் பையைத் தூக்கிக்கொண்டு யுவராஜ் இறங்கினான். அவன் தன்னுடைய பள்ளிச் சீருடையில் இருந்தான்.

சிக்கு ஃபரிடா வாசலுக்கு வந்தார். அவள் கையைப் பிடிக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. கொஞ்சம் முன்னால் நடந்தார். தரணி அண்ணனைப் பார்த்தாள், ஒரு காதிலிருந்து கையை எடுத்துப் பையை வாங்கிக்கொண்டு சிக்குவின் பின்னால் போனாள். அவள் உள்ளே போய் மறையும்வரை நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். குமார் அண்ணன் கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். யுவராஜ் இன்னும் அசையாமல் நின்றான். அவனுடைய பள்ளி இதே சாலையில்தான், வேன் அவனுக்காகத்தான் காத்திருந்தது. "அவ இருந்துக்குவா, பயப்படாத" என்றேன். பிடரியில் புரண்ட முடியைத் தடவிக்கொண்டான். "அவள நெனச்சு இல்ல க்கா. நான் முடி வெட்டாம வந்துட்டேன்."

எஸ்பிஎம் முடிந்த வாரத்தில் குமார் அண்ணன் அழைத்து, "தம்பி எல்லாப் பேப்பரும் எழுதிட்டான் ம்மா" என்றார்.

எங்கள் வேலையில் நமக்குப் பிடித்ததைச் சொல்பவர்கள் அதிகம் என்பதால் பள்ளி அலுவலகத்தில் கேட்டு, அவன் எல்லாத் தாள்களுக்கும் வந்திருந்தான் என்று உறுதிசெய்துகொண்டேன். எங்கள் தலைமையகத்திலும் விசாரித்தேன், தரணி அதற்குமுன் ஒருநாள்கூடப் பள்ளிக்குள் கால் வைக்காததால் "பள்ளிக்குத் திரும்பியவர்" என்ற கணக்கில் அவள் சேரமாட்டாளாம், எனவே கணக்குப்படி அந்தத் தோட்டத்திலிருந்து நாங்கள் மறுபடி பள்ளிக்கு அனுப்பிவைத்த பிள்ளை ஒன்றே ஒன்றுதான்.