மிஞ்சிய நிலம்

எண்பதுகளில் நான் சர்வேயராக இருந்தேன். அரசுப் பண்ணைக்கு எடுத்ததில் மிஞ்சிய தன் நிலத்தைத் திருப்பிக் கேட்டு, மொரப்பூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ஆபீசுக்கு வருவார். பெஞ்சைக் காட்டினாலும் உட்கார மாட்டார். துண்டைக் கையில் பிடித்தபடி சாயங்காலம்வரை நின்றுவிட்டுப் போவார். வருஷக்கணக்கில் நின்றார்.

ஒருவழியாக உத்தரவு வந்தது. அளந்து கல் நடப் போனேன். எல்லையை அவர் பார்க்கவே இல்லை. வேப்பமரத்தடியில் அவருடைய அப்பா, அம்மாவைப் புதைத்த மேடுகள் இருந்தன. பக்கத்து வெற்றிடத்தைக் காட்டினார்.

"இது எங்கூட்டுக்காரிக்குன்னு வெச்சிருந்த எடங்க. போன தையில செத்துட்டா. சர்க்கார் நெலம்னு உள்ள உடலீங்க. ஊர் சுடுகாட்டுலதான் பொதச்சோம்."

"இனி உங்க நிலம்தானுங்களே" என்றேன்.

"எனக்காவது ஆவுமுங்க" என்று அங்கேயே உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.