தட்டு காலியானால் கடல் காலி

எலுமிச்சைக்குத் தண்ணீர் என்றால் பயம். இத்தனை காலம் படகில் வேலை பார்க்கிறவளுக்குத் தண்ணீரைக் கண்டு பயமா என்று கேட்டவர்களெல்லாம் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும். சமையற்காரிக்கு நெருப்பைக் கண்டு பயம் இருக்கக் கூடாதா? பயத்தோடுதான் அவள் வேலை பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

எலுமிச்சை அவள் பெயரில்லை. விடியும் முன்னே படகுத்துறைக் கொட்டகையில் உட்கார்ந்து பழம் நறுக்கி நறுக்கி, எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத ஒரு வாசனை அவள் கையில் ஏறிவிட்டது. துறையில் யாரோ ஒருத்தன் அப்படிக் கூப்பிட, பிறகு கூடப்பிறந்த தம்பி தவிர எல்லோருக்கும் அவள் எலுமிச்சைதான்.

தம்பிக்குச் சொந்தமாக ஒரு படகு. ஊர் பார்க்க வருகிறவர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு தீவு தீவாகக் காட்டி, பவளப்பாறை இருக்கிற இடத்தில் மூச்சுக்குழாயும் கண்ணாடியும் மாட்டிக் கடலில் இறக்கி, மீன் பார்க்க வைத்து, சாயங்காலம் கொண்டுவந்து விடுவான். குளிர்பானம், ரம் எல்லாம் கட்டணத்திலேயே சேர்த்தி. முன்னே அந்த வேலைக்கு ஒரு ஆள் இருந்தான். பயணிகளுக்கு ஊற்றியதைவிடத் தனக்கு ஊற்றிக்கொண்டது அதிகம். அவனைத் துரத்திய கையோடு தம்பி அக்காவிடம் வந்து நின்றான். புருஷன் போய்ச் சேர்ந்து, சின்னப் பெண் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தவள். பயம் என்று சொல்லிப் பார்த்தாள். "தண்ணியில இறங்கச் சொல்லலையேக்கா, ஊத்தத்தான் சொல்றேன்" என்றான். வந்துவிட்டாள்.

படகில் அவளுக்கென்று ஒரு இடம். நட்டநடுவில், ஐஸ் பெட்டிக்கு முதுகு கொடுத்து, கூரைக் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. விளிம்புக்கு அவள் போனதேயில்லை. கொடுக்க வேண்டியதை எட்டிக் கொடுப்பாள், எட்டவில்லையென்றால் வந்து வாங்கிக்கொள்ளட்டும். அப்படிப்பட்டவள் வயிற்றில்தான் அந்தப் பெண் பிறந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் மாமனிடம் நீச்சல் கற்றுக்கொண்டு, படிப்பு முடித்த கையோடு அதே படகில் வழிகாட்டியாக வந்து நின்றது. பயணிகளோடு கடலில் இறங்குவது அவள் வேலை. ஒரு வாரம் எலுமிச்சை மகளோடு பேசவில்லை. எட்டாம் நாள் அவளாகவே, "தலையைத் துடைச்சுட்டுச் சாப்பிடு" என்றாள். அதோடு சரி.

அந்தப் படகில் ஒரு வழக்கம் உண்டு. குடித்தவர் தண்ணீரில் இறங்கக் கூடாது. அதனால் கடைசி இடத்தில் நீந்தி முடித்து ஏணியில் ஏறி வந்த பிறகுதான் குவளை. எல்லோரும் நீந்திக்கொண்டிருக்கும்போதே எலுமிச்சை ஆளுக்கொன்று என்று பெரிய தட்டில் வரிசையாக ஊற்றி வைத்துவிடுவாள். ஏறி வருகிறவர் தன் குவளையை எடுத்துக்கொள்வார். எடுத்தால் மறுபடி இறங்க முடியாது. தட்டு காலியானால் கடல் காலி. தம்பி தலையை எண்ணுகிறவனில்லை. "தட்டு என்னாச்சுக்கா?" என்று கேட்பான், "காலி" என்றால் இயந்திரத்தை முடுக்குவான். ஒருநாளும் தப்பு வந்ததில்லை.

அன்றைக்கு வந்தவர்களில் ஒரு புருஷன் பெண்டாட்டி. அவர் தொந்தி தள்ளிய மனிதர், காலையிலிருந்தே தமாஷ் பேசிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். முதல் தீவில் மணலைவிட்டு நகரவில்லை. இரண்டாவது இடத்தில், அதாவது கடைசியாக நீந்துகிற இடத்தில், புருஷன் விடவில்லை. இவ்வளவு தூரம் காசு கொடுத்து வந்து மீனைப் பார்க்காமல் போவாயா என்று ஒரே நச்சரிப்பு. அவளும் மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினாள். இறங்கும்போது அவள் முகம் போன போக்கை எலுமிச்சை பார்த்தாள். வேண்டாம் என்றால் ஏறிவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். நமக்கெதற்கு என்று விட்டுவிட்டாள்.

அந்த இடம் ஒரு மொட்டைப் பாறைத் தீவின் ஓரம். முன்பக்கம் குளம் மாதிரி இருக்கும். பின்பக்கம் நீரோட்டம் இழுக்கும். பாறையைத் தாண்டிப் போகக் கூடாது என்று மகள் எல்லோருக்கும் இரண்டு முறை சொல்லித்தான் கூட்டிப் போனாள்.

ஏறி வருகிற நேரத்தில் ஒரு பெரியவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. எப்போதும் கடைசி ஆளாக ஏறுகிற மகள் அன்றைக்கு அவரைத் தாங்கிக்கொண்டு நடுவிலேயே ஏற வேண்டியதாயிற்று. மனிதர் வலியில் துடித்தார். எலுமிச்சை தட்டைப் பெட்டிமேல் வைத்துவிட்டு அவர் காலைப் பிடித்து நீவிவிட உட்கார்ந்தாள். ஏணியில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், குவளைகள் போய்க்கொண்டிருந்தன. கால் சரியாகி நிமிர்ந்து பார்த்தபோது தட்டில் ஒன்றுமில்லை.

"அம்மா, எல்லாரும் வந்தாச்சா?" என்று மகள் கேட்டாள்.

"வந்தாச்சு. தட்டு காலி."

"இன்னொரு தடவை பாரேன். நான் இந்த ஐயாவோட வந்துட்டேன், சரியாப் பாக்கலை."

எலுமிச்சைக்குச் சுருக்கென்றது. நேற்று வந்தவள், இத்தனை வருஷம் தட்டைப் பார்த்தவளுக்குச் சொல்லித்தர வந்துவிட்டாள். "என் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு? காலின்னா காலிதான். மாமாவை எடுக்கச் சொல்லு."

தம்பி முடுக்கினான். படகு பாறைத் தீவை விட்டு விலகி அடுத்த தீவைப் பார்த்துப் போனது. ஆட்டமும் பாட்டுமாக எல்லோரும் குஷியில் இருந்தார்கள். எலுமிச்சை கம்பியைப் பிடித்தபடியே காலிக் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். தொந்திக்காரர் சாய்ந்து அரைத் தூக்கத்தில் இருந்தார். அவர் காலடியில் ஒரு குவளைக்குள் இன்னொரு குவளை செருகிக் கிடந்தது.

அவள் கை அப்படியே நின்றது.

யாருடையது இது என்று கேட்டாள். இரண்டுமே தன்னுடையதுதான் என்றார் அவர், கண்ணைத் திறக்காமல். சம்சாரத்துக்கு என்று எடுத்து வைத்தாராம். அவள் வரக் காணோம், ஐஸ் கரைகிறதே என்று தானே குடித்துவிட்டாராம். சம்சாரம் எங்கே என்றதற்கு முன்பக்கம் நிழலில் மற்றப் பெண்களோடு இருப்பாள் என்றார்.

எலுமிச்சை முன்பக்கம் போனாள். விளிம்பை ஒட்டித்தான் அங்கே போக வேண்டும். எப்படிப் போனாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. பச்சை இருந்தது, நீலம் இருந்தது, வெள்ளை இருந்தது. மஞ்சள் இல்லை.

திரும்பி ஓடினாள். தம்பியின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள். திரும்பியவன் அவள் முகத்தைப் பார்த்துப் பாட்டை நிறுத்தினான்.

"மஞ்சச் சட்டை போட்ட அம்மா தண்ணியிலயே இருக்காங்கடா. விட்டுட்டு வந்துட்டோம்."

படகு ஒடித்துத் திரும்பியது. தொந்திக்காரர் அப்போதுதான் விழித்து, எங்கே போகிறோம் என்று கேட்டார். யாரோ சொன்னார்கள். அவர் எழுந்து நின்று, உட்கார்ந்து, மறுபடி எழுந்து, பெண்டாட்டியின் செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

பாறை நெருங்க நெருங்கத் தம்பி வேகத்தைக் குறைத்தான். தண்ணீருக்குள் ஆள் இருக்கும்போது கீழே சுழல்கிற விசிறி கத்தி மாதிரி. குளம் போன்ற முன்பக்கத்தில் ஒரு தலையும் இல்லை. வெயிலில் தண்ணீர் பளபளவென்று, எதையும் விழுங்காத மாதிரி கிடந்தது. எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள். கத்தல்மேல் கத்தல், இயந்திரத்தின் இரைச்சல் வேறு.

"எல்லாத்தையும் நிறுத்து" என்றாள் எலுமிச்சை. "சத்தம் கேக்கணும்."

தம்பி தயங்கினான். இயந்திரத்தை அணைத்தால் அலை படகைப் பாறைமேல் தள்ளும் என்றான். அவன் சொன்னது நியாயம்தான். அவள் கேட்கவில்லை. அவளே கையை நீட்டிச் சாவியைத் திருகினாள்.

அமைதி. படகின் அடியில் தண்ணீர் மோதுகிற ஒலி மட்டும். பிறகு பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல். இருமலா, அழுகையா, இரண்டும் கலந்ததா தெரியவில்லை. ஆனால் மனுஷக் குரல்.

மகள் இரப்பர் வளையத்தைத் தோளில் போட்டுக்கொண்டு குதித்துவிட்டாள். "போகாதே" என்று சொல்ல எலுமிச்சைக்கு நேரமில்லை. நேரம் இருந்தாலும் எந்த வாயால் சொல்வது? கறுப்புத் தலை ஒன்று அலையில் ஏறி இறங்கி, பாறையின் மூலையைத் தாண்டி, மறைந்தது.

அதற்குள் படகு பாறையை நோக்கி நகரத் தொடங்கியிருந்தது. தண்ணீருக்கடியில் பாறையின் பற்கள் தெரிந்தன. தம்பி சாவியில் கை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தான். முடுக்கினால் படகு விலகிவிடும். ஆனால் மகள் படகின் பின்பக்கமாக வந்தால் விசிறியில் மாட்டிக்கொள்ளலாம். முடுக்காவிட்டால் படகு உடையும், இத்தனை பேரும் தண்ணீரில் விழுவார்கள்.

"அக்கா, நீ சொல்லு."

ஒருமுறை அவள் சொன்னதைக் கேட்டுத்தான் ஒருத்தியை விட்டுவிட்டு வந்தார்கள். இப்போது மறுபடியும் அவளையே கேட்கிறான். அவள் படகின் ஓரத்துக்கு வந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து, வாழ்க்கையில் முதல் தடவையாக நேராகக் கீழே குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். விசிறிப் பக்கம் யாருமில்லை. மறுபக்கம் ஓடிப் பார்த்தாள். அங்கேயும் இல்லை.

"எடு" என்றாள். "மெதுவா எடு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

படகு பாறையைவிட்டு விலகியது. பெற்ற மகளைக் கல்லுக்குப் பின்னால் விட்டுவிட்டு விலகுகிற படகில் நிற்பது எப்படி இருக்கும் என்று யாராவது அவளைக் கேட்டால் அவளால் சொல்ல முடியாது. எதிரே அந்த மனிதர் செருப்பைப் பிடித்துக்கொண்டு முணுமுணுவென்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் போனது? தம்பி கொஞ்ச நேரம்தான் என்கிறான். தம்பிக்கென்ன தெரியும்.

அப்புறம் பாறையின் அந்த மூலையில் மஞ்சளாக ஒன்று தெரிந்தது. வளையத்துக்குள் கையைக் கோத்தபடி அந்த அம்மாள், பக்கத்தில் மல்லாந்து உதைத்து உதைத்து இழுத்துக்கொண்டு மகள். பெரியவரும் இன்னொருவரும் கயிறு வீசினார்கள். தம்பி மறுபடி இயந்திரத்தை அணைத்தான். ஏணியில் முதலில் ஏறிய கையை எலுமிச்சை பிடித்து இழுத்தாள். உள்ளங்கையெல்லாம் பாறை கிழித்த காயம்.

அந்த அம்மாளைத் துண்டில் சுற்றி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கண்ணாடிக்குள் தண்ணீர் போய், திசை தெரியாமல் நீரோட்டத்தில் சிக்கி, கையில் அகப்பட்ட பாறையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். புருஷன் கிட்டே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு எலுமிச்சையிடம்தான் கேட்டாள்.

"படகு போற சத்தம் கேட்டுச்சு. கத்தினேன். என்னை யாருமே தேடலையா?"

பொய் சொல்லலாம். தம்பிகூடப் பின்னாலிருந்து சைகை காட்டினான். எலுமிச்சை அந்தச் சைகையைப் பார்க்காத மாதிரி இருந்தாள்.

"தேடலைம்மா. எல்லாரும் வந்தாச்சுன்னு நான்தான் சொன்னேன். என் பொண்ணு இன்னொரு தடவை பாருன்னு சொன்னா. நான் பாக்கலை."

அந்த அம்மாள் எலுமிச்சை பிடித்திருந்த தன் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து போய், தலையைத் துடைத்துக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கரை வரும்வரை இந்தப் பக்கம் திரும்பவில்லை. அவள் திரும்பியிருக்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

பயணிகளெல்லாம் இறங்கிப் போன பிறகு தம்பி கயிற்றைக் கட்டிக்கொண்டே, குனிந்த தலை நிமிராமல் சொன்னான். "கொஞ்ச நாள் வீட்டுல இருக்கா. நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

"வேற ஆளும் தட்டைத்தான் பாப்பான்" என்றாள் எலுமிச்சை. "நாளைக்கு நான்தான் வருவேன்."

அவன் ஏதோ சொல்ல வந்தான். மகள் மாமனின் தோளில் கையை வைத்து, விடுங்க மாமா என்றாள்.

வந்தாள். இப்போதெல்லாம் கடைசி ஆள் ஏறுகிறவரை அவள் ஊற்றுவதேயில்லை. தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நடு இடத்தை விட்டுவிட்டு, ஏணித் தலைப்பில் கம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஏறி வருகிற ஒவ்வொருவர் தலையிலும் கை வைக்கிறாள். பெரிய மனிதர்களும் சரி, முடியை அலங்காரம் செய்துகொண்டு வந்த பெண்களும் சரி, தலையைக் கொடுத்தால்தான் குவளை. முடியெல்லாம் எலுமிச்சை வாசனை அடிக்கிறது என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. "வீட்டுக்குப் போய்க் குளிச்சுக்கங்க" என்பாள். ஒரு தலை குறைந்தாலும் தம்பி சாவியைத் தொட முடியாது.

தண்ணீரைக் கண்டால் பயம் இன்னும் போகவில்லை. எல்லோரும் ஏறி, கடலில் மிச்சமாக மகள் மட்டும் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம் இருக்கிறதே, அது பழகவே பழகாது. அவள் வளையத்தை எறிந்துவிட்டு, மூச்சு வாங்க ஏணியில் ஏறி, நீர் சொட்டுகிற தலையை அம்மாவின் கைக்குக் கீழே கொண்டுவந்து கொடுப்பாள். எலுமிச்சை கையை உடனே எடுப்பதில்லை.

"போதும்மா" என்பாள் மகள்.

"இருடி" என்பாள் இவள்.